மிதத்தல், மூழ்குதல்: கண்டறி முறையில் நடத்தினாலும் "கனமானது மூழ்கும்" என்றே முடிவது ஏன்?

வெட்டாறு (கேள்வி)

ஏழாம் வகுப்பு, அடர்த்திப் பாடம். 34 பிள்ளைகள், 40 நிமிட பீரியட். ஆய்வகம் தனியாகக் கிடையாது. திருவாரூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் என்ன இருக்குமோ அதுதான் இருக்கிறது: இரண்டு வாளி, 1 கிராம் வரை காட்டுகிற சமையல் தராசு ஒன்று, கடைத்தெருவில் கிடைக்கிற சாமான்.

ஆணி, கல், ரப்பர், இலை, பிளாஸ்டிக் மூடி, மெழுகுவத்தி எல்லாம் கொடுத்து, "எது மிதக்கும், எது மூழ்கும், ஏன் என்று நீங்களே கண்டுபிடியுங்கள்" என்று விட்டால் வகுப்பு கலகலப்பாகத்தான் இருக்கிறது. பட்டியலும் சரியாக வருகிறது. காரணம் கேட்டால் மட்டும் 30 பேர் நோட்டில் ஒரே வரி: "கனமானது மூழ்கும், லேசானது மிதக்கும்." இது வாளியைப் பார்க்காமலே அவர்களுக்குத் தெரியும். அதன்பிறகு நிறை வகுத்தல் பருமன் என்று போர்டில் எழுதினால் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். வாளியில் பார்த்ததையும் அந்தக் கணக்கையும் சேர்த்து யோசிப்பதில்லை.

பிள்ளை தானே அறிவைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். அப்படியென்றால் விடையை நாம் எந்த இடத்தில் சொல்லலாம்? சொல்லவே கூடாதா? இதே வசதியில், ஒரே பீரியடில், இந்தச் செயல்பாட்டை எப்படி மாற்றலாம்? கூடவே மண் பாடத்துக்கும், மணல் களி நீர் இறங்குவதற்கு, இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

குடமுருட்டி

சார், கோளாறு முறையில் இல்லை, சாமான் பட்டியலில் இருக்கிறது. ஆணி, கல் கனம் என்று கை சொல்கிறது. இலை, மூடி லேசு என்று கை சொல்கிறது. நீங்கள் கொடுத்த ஒவ்வொரு பொருளும் பிள்ளையின் பழைய எண்ணத்துக்குச் சாட்சி சொல்கிறது. கையில் கிடைத்த தரவுக்கு அவர்கள் எடுத்த முடிவு சரிதான்.

இன்னொன்றும் உண்டு. நம் பேச்சில் "கனம்" என்ற சொல் இரண்டு வேலை செய்கிறது. "இந்த மூட்டை கனம்" என்றால் எடை. "இரும்பு கனம், பஞ்சு லேசு" என்றால் கிட்டத்தட்ட அடர்த்தி. ஒரு மெழுகுவத்தி சின்ன ஆணியைவிடப் பல மடங்கு எடை, தராசில் வைத்தால் தெரிந்துவிடும். ஆனாலும் ஆணிதான் கனம் என்பான் பையன். அவன் பொய் சொல்லவில்லை, இரண்டாவது அர்த்தத்தில் பேசுகிறான். ஆகவே அன்று வகுப்பில் "கனம்" என்ற சொல்லையே எடுத்துவிட்டு, "எடை என்றால் தராசு காட்டுகிற எண்" என்று முதல் நிமிடத்தில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பிள்ளைகள் கண்டுபிடிக்கக் காத்திருக்க வேண்டாம். பெயர், அலகு, சொல்லின் வரையறை எல்லாம் பெரியவர்கள் கூடி வைத்துக்கொண்ட ஏற்பாடு. வாளியை எவ்வளவு நேரம் பார்த்தாலும் அவை அதிலிருந்து வராது.

இப்போது சாமான். மருந்துக்கடையில் கிடைக்கிற காலி பிளாஸ்டிக் சிரப் பாட்டில்: 60 மி.லி. எட்டு, 100 மி.லி. எட்டு. கண்ணாடி வேண்டாம், வெறும் பாட்டிலே எடை அதிகம், உடைந்தாலும் வம்பு. எட்டும் ஒரே கம்பெனி, ஒரே வடிவமாக இருக்க வேண்டும். காய்ந்த மணல், புனல், மூடியைச் சுற்றி ஒட்ட செல்லோ டேப்.

முந்தின நாளே ஒரு வேலை. சின்ன பாட்டிலில் மணலைப் போட்டு மூடி, வாளியில் விடுங்கள். மிதந்தால் இன்னும் ஒரு சிட்டிகை, மூழ்கினால் கொஞ்சம் வெளியே. மேலேயும் வராமல் அடியிலும் தங்காமல் தடுமாறுகிற நிலை வந்ததும் எடுத்து, நன்றாகத் துடைத்து, எடை பாருங்கள். துடைக்காவிட்டால் ஒட்டிய தண்ணீரே ஒன்றிரண்டு கிராம் காட்டும். அந்த எண்தான் அந்தப் பாட்டிலின் எல்லை. 60 மி.லி. என்பது உள்ளே கொள்ளும் அளவு. நமக்கு வேண்டியது மூடியோடு சேர்ந்த வெளிப் பருமன், அது எப்போதும் கூடுதல். உதாரணத்துக்குச் சின்னதற்கு 70 கிராம், பெரியதற்கு 130 கிராம் என்று வைத்துக்கொள்கிறேன். உங்கள் பாட்டிலுக்கு வேறு எண் வரும், அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

சின்ன பாட்டில்களை மொத்த எடை 45, 55, 64, 76, 80, 85, 90, 95 கிராம் என்று நிரப்புங்கள். பெரியவற்றை 95, 100, 105, 112, 120, 140, 150, 160. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குறைந்தது 5 கிராம் விட்டுவிடுங்கள். 69 கிராம் பாட்டில் மிதக்கிறதா மூழ்குகிறதா என்று குழுவுக்குள் சண்டை வந்தால் பீரியட் அதிலேயே போய்விடும். எடையை மார்க்கரில் பாட்டில் மேலேயே எழுதிவிடலாம். தராசு ஒன்றுதான், எட்டுக் குழு வரிசையில் நின்றால் 15 நிமிடம் காலி.

குழுவுக்கு நாலைந்து பேர், ஆளுக்கு இரண்டு பாட்டில் இல்லை, குழுவுக்கு இரண்டு பாட்டில்: ஒரு சின்னது, ஒரு பெரியது. யாருக்கு எது என்பதில்தான் சூட்சுமம். ஐந்து குழுவுக்கு மூழ்குகிற சின்னதும் மிதக்கிற பெரியதும் கொடுங்கள். அதில் ஒரு குழுவுக்கு 95, 95: எடை ஒன்றே, ஒன்று மூழ்கும், ஒன்று மிதக்கும். மீதி மூன்று குழுவுக்கு மிதக்கிற சின்னதும் மூழ்குகிற பெரியதும். இந்த மூன்று குழுவும் "பார்த்தீங்களா, எடை அதிகமானதுதான் மூழ்குது" என்று அடித்துச் சொல்லும். மற்ற ஐந்து குழுவும் ஒத்துக்கொள்ளாது. நீங்கள் எதிர்த்துப் பேச வேண்டியதே இல்லை, அடுத்த பெஞ்சு பேசும்.

தண்ணீரில் விடும் முன் ஒவ்வொரு பிள்ளையும் தன் நோட்டில் பேனாவால் எழுத வேண்டும்: எது மிதக்கும், ஏன். பென்சில் கொடுத்தால் முடிவு தெரிந்ததும் அழித்துத் திருத்திவிடுவார்கள். ஒருவன் பாட்டிலைப் பிடிக்க மூன்று பேர் வேடிக்கை பார்ப்பதற்கும் இதுதான் மருந்து. எழுதி வைத்தவனுக்குத் தன் சொல் ஜெயிக்கிறதா என்று பார்க்கிற ஆசை வந்துவிடும். தண்ணீரில் விடும்போது பாட்டிலை ஒருதரம் முழுக்க அமுக்கிவிட்டுக் கையை எடுக்கச் சொல்லுங்கள், மூடி இடுக்கில் ஒட்டிய காற்றுக் குமிழி போகும்.

பிறகு போர்டில் எடை வரிசைப்படி இரண்டே வரி:

சின்னது: 45, 55, 64 மிதந்தது, 76, 80, 85, 90, 95 மூழ்கியது.
பெரியது: 95, 100, 105, 112, 120 மிதந்தது, 140, 150, 160 மூழ்கியது.

"ஏன்?" என்று கேட்காதீர்கள், அது பிள்ளைக்கு வாசல் தெரியாத கேள்வி. "சின்னதற்கு எந்த எடையில் கட்சி மாறுகிறது? பெரியதற்கு?" என்று கேளுங்கள். 64க்கும் 76க்கும் நடுவில், 120க்கும் 140க்கும் நடுவில் என்று அவர்களே சொல்வார்கள். எடை மட்டும் போதாது, அளவும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது என்பது இந்த இடத்தில் வந்துவிடும். பிள்ளைகள் கண்டுபிடிப்பது இதுவரைதான். இதற்கு மேல் நீங்கள் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம்.

சொல்வதைக் காட்டியும் சொல்லலாம். 2 லிட்டர் தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டிவிட்டு, நேராக இருக்கிற பகுதியில் காகிதப் பட்டை ஒட்டி, பாதி அளவு தண்ணீர் ஊற்றிக் கோடு போடுங்கள். சின்ன சிரப் பாட்டிலை முழுக அமுக்கி இரண்டாவது கோடு. வெளியே எடுத்துவிட்டு, ஊசி இல்லாத 20 மி.லி. சிரிஞ்சால் இரண்டாவது கோடு வரை நிரப்புங்கள். மூன்றரை சிரிஞ்சு, 70 மி.லி. அந்த 70 மி.லி. தண்ணீரைத் தராசில் வைத்தால் 70 கிராம். அதே இடத்தை அடைக்கிற தண்ணீரைவிட எடை கூடினால் மூழ்கும், குறைந்தால் மிதக்கும். அதற்கப்புறம் "அடர்த்தி" என்ற பெயர், அதற்கப்புறம் சூத்திரம். விளிம்பு வரை நிரப்பி வழிகிற தண்ணீரைப் பிடிக்கும் முறை வேண்டாம். விளிம்பில் தண்ணீர் மேடு கட்டி நிற்கும், சில மி.லி. வித்தியாசம் காட்டிவிடும்.

களிமண் உருண்டை மூழ்கும், அதையே தோணியாக்கினால் மிதக்கும் என்ற வேடிக்கையை அன்றே சேர்க்காதீர்கள். உள்ளே அடைபட்ட காற்றையும் சேர்த்துப் பருமன் எடுக்க வேண்டும் என்பது தனி விஷயம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் "வடிவம்தான் காரணம்" என்ற புதுத் தப்பு முளைக்கும்.

அரசலாறு

குடமுருட்டி செய்முறையைச் சொல்லிவிட்டார். "சொல்லலாமா, கூடாதா" என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன்.

பிள்ளை தானே அறிவைக் கட்டிக்கொள்கிறது என்கிற கட்டமைப்புவாதம், கற்றல் எப்படி நடக்கிறது என்பது பற்றிய கோட்பாடு. இப்படித்தான் நடத்து என்கிற கட்டளை அல்ல. உளவியலாளர் பியாஜே சொன்னது: பிள்ளையிடம் ஏற்கெனவே ஓர் அமைப்பு இருக்கிறது, புதியது அதில் பொருந்தினால் உள்ளே வாங்கிக்கொள்ளும், பொருந்தாவிட்டால் ஒரு தடுமாற்றம் வந்து அமைப்பே மாறும். ஆணியும் இலையும் பழைய அமைப்பில் அழகாகப் பொருந்திவிட்டன, தடுமாற்றம் வரவில்லை. 95, 95 பாட்டில் பொருந்தாது. பிள்ளை பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதும் இந்தக் கட்டுமானம் நடக்கலாம். வாளியில் கையை விட்டுத் துழாவும்போது நடக்காமலும் போகலாம். கை ஓடுவதும் மனசு ஓடுவதும் ஒன்று என்று நினைப்பதுதான் நம் பயிற்சிகளில் நடக்கிற பெரிய குழப்பம். கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் 2004இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் போட்டு உடைத்தார்: 1960கள், 70கள், 80கள் என்று மூன்று காலகட்டமும் வெறும் கண்டறிதல் சோதிக்கப்பட்டு, மூன்று முறையும் வழிகாட்டலோடு கூடிய கற்பித்தலிடம் தோற்றது.

கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் மூவரும் 2006இல் சொன்ன காரணம் இன்னும் நேரடியானது. மனிதன் ஒரே நேரத்தில் மனசில் பிடித்துவைத்துக் கையாளக்கூடியது சில விஷயங்கள்தான். புதிதாகக் கற்பவனிடம் எதைக் கவனிக்க வேண்டும், எதை விடலாம், எப்படி ஒப்பிடலாம் என்று எல்லாவற்றையும் சேர்த்து ஏற்றினால், தேடுவதிலேயே தெம்பு போய்விடும், கற்க மிச்சம் இருக்காது. ஆறு பொருளைக் கொடுத்து "ஏன் என்று கண்டுபிடி" என்றால் நிறம், வடிவம், பொருள், எடை, அளவு, ஓட்டை எல்லாம் சேர்ந்து மாறுகிறது. பாட்டிலில் இரண்டுதான் மாறுகிறது.

ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றதை நிறுத்திவைக்கிற உத்தியையே எடுத்துக்கொண்டு கிளாரும் நிகமும் 112 பிள்ளைகளிடம் பார்த்தார்கள் (2004, அமெரிக்காவில் மூன்றாம், நான்காம் வகுப்பு). நேரடியாகச் சொல்லிக்காட்டிய குழுவில் 77 சதவீதம் பேர் உத்தியைப் பிடித்தார்கள். தாங்களே கண்டறிய விட்ட குழுவில் 23 சதவீதம். இதில் பலர் விட்டுவிடுகிற பாதி ஒன்று உண்டு: எந்த வழியில் கற்றிருந்தாலும், பிடித்துக்கொண்டவர்கள் பிறகு வேறு ஆய்வுகளை எடைபோடும்போது சமமாகவே செய்தார்கள். தானே கண்டதுதான் மனசில் ஆழமாக நிற்கும் என்று நாம் பேசுவதற்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. அல்ஃபியேரி குழுவினர் 2011இல் 164 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, துணை இல்லாத கண்டறிதல் நேரடிக் கற்பித்தலைவிடக் கீழே நின்றது. ஆனால் குறிப்பு, பதில் சரியா என்று உடனுக்குடன் தெரிவித்தல், பிள்ளையை விளக்கச் சொல்லுதல் போன்ற துணையோடு நடந்த கண்டறிதல் மற்ற முறைகளைவிட மேலே வந்தது. மனு கபூரின் ஆய்வுகளும் இங்கே பொருந்தும்: முதலில் பிள்ளை முட்டி மோதித் தோற்கட்டும், பிறகு ஆசிரியர் முறையை விளக்கட்டும் என்ற வரிசை நன்றாக வேலை செய்கிறது. பின்பாதியை விட்டுவிட்டால் வெறும் தோல்விதான் மிஞ்சும்.

இதற்குச் சாரம் என்ற சொல் பொருத்தம். வுட், புரூனர், ராஸ் 1976இல் கையாண்ட உவமை அதுதான். கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவன் கொத்தனார் வேலையைத் தான் செய்வதில்லை. கை எட்டாத உயரத்தில் நிற்க இடம் செய்து கொடுக்கிறான், பூச்சு முடிந்ததும் பிரித்துவிடுகிறான். நம்மூரில் இரண்டு கட்சி. ஒன்று சாரமே கட்டாமல் மூன்றாவது மாடியைப் பூசச் சொல்வது, இன்னொன்று கட்டின சாரத்தைக் கடைசி வரை பிரிக்காதது. செயல்வழிக் கற்றல் அட்டைகள் (2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலம் முழுக்க வந்தவை) பல வகுப்புகளில் இரண்டாவது ரகமாகிப்போயின: அட்டை வரிசையான ஏணியில் எந்தப் படி என்று பிள்ளைக்குத் தெரியும், அந்தப் படி எதற்கு என்று தெரியாது.

வகுப்பில் கைக்கொள்ள ஒரு வழி. மூன்று குறிப்பை முன்கூட்டியே பாடக்குறிப்பில் எழுதிவைத்து, குழு திணறினால் மட்டும் வரிசையாக விடுங்கள். முதலாவது: "இரண்டு பாட்டிலிலும் என்னென்ன மாறியிருக்கிறது, என்னென்ன மாறவில்லை?" இரண்டாவது: "அடுத்த குழுவின் சின்ன பாட்டிலோடு உங்கள் சின்ன பாட்டிலை ஒப்பிடுங்கள்." மூன்றாவது: "பெரிய பாட்டிலின் எடையைச் சின்ன பாட்டிலில் அடைத்தால் என்ன ஆகும்?" கேள்வி கேட்டபின் மூன்று விநாடியாவது வாயைத் திறக்காதீர்கள். மேரி பட் ரோ 1970களில் அளந்தபோது ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். மூன்று விநாடிக்கு மேல் பொறுத்தபோது பதில்கள் நீண்டன, "தெரியாது"கள் குறைந்தன. மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும்.

பாமணி

எல்லாம் சரி. 16 பாட்டிலுக்கு மணல் அடைத்து எடை போடுகிற நேரத்தில் நாலு பாடம் நடத்திவிடலாம். வருடத்தில் எத்தனை பாடத்துக்கு இப்படிச் செய்ய முடியும்? "தன் பருமனுக்கான தண்ணீரைவிட எடை கூடினால் மூழ்கும்" என்று முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லி, இரண்டு பாட்டிலைக் காட்டி, பத்துக் கணக்கு போட்டால் போதாதா? பார்வைக்கு வருகிறவர்களும் நோட்டைத்தான் பார்க்கிறார்கள்.

குடமுருட்டி

பாமணி டீச்சர், எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம் என்பதில் எனக்கும் அதே கருத்துதான். பிள்ளையிடம் ஏற்கெனவே ஒரு பிடிவாதமான தப்பெண்ணம் இருக்கிற பாடத்துக்கு மட்டும் இந்தச் செலவு தகும். ஏழாம் வகுப்பில் வருடத்துக்கு நாலைந்து வரும்: மிதத்தல், வெப்பமும் வெப்பநிலையும், மின்சுற்றில் மின்னோட்டம் "தீர்ந்துபோவது", செடி மண்ணைத் "தின்று" வளர்வது. தாவரப் பெயர், அலகு, அறிவியலாளர் பெயர் இதற்கெல்லாம் நேராகச் சொல்லிவிட்டுப் போவதே நியாயம். அடைத்த பாட்டில்கள் டேப்போடு அட்டைப்பெட்டியில் இருக்கும், அடுத்த வருடமும் அவைதான்.

முதலில் சொல்லிவிட்டால் என்ன நட்டம் என்று சோதிக்க ஒரு கேள்வி தருகிறேன். பத்துக் கணக்கும் சரியாகப் போட்ட வகுப்பில் இதைக் கொடுங்கள்: "மெழுகுவத்தியைப் பாதியாக வெட்டினால் மிதக்குமா, மூழ்குமா? ரப்பரை மிளகு அளவுக்கு நறுக்கினால்?" எடைதான் காரணம் என்று உள்ளே நினைக்கிறவன் சின்ன ரப்பர் துண்டு மிதக்கும் என்றே எழுதுவான், சூத்திரம் மனப்பாடமாக இருந்தாலும். செய்து காட்டும்போது துண்டைத் தண்ணீருக்குள் ஒருமுறை அமுக்கிவிடுங்கள். இல்லையென்றால் மேற்பரப்பு இழுவிசையில் துண்டு மேலேயே நின்று, தப்பு விடையை மெய்யாக்கிவிடும். இந்த ஒரே கேள்வியைப் பாடத்துக்கு முன்பும் பின்பும் துண்டுச் சீட்டில் வாங்கினால், நோட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கும் காட்டலாம், வளரறி மதிப்பீட்டுப் பதிவுக்கும் ஆகும்.

வெட்டாறு

நன்றி. 95க்கு 95 ஜோடி மிகவும் பிடித்தது. ஒரு சந்தேகம்: நாகை, வேதாரண்யம் பக்கம் அடிபம்புத் தண்ணீர் உப்பாக இருக்கும். அங்கே எண்கள் மாறாதா? விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டுப் பிரிக்கிறார்களே, அதை இதோடு சேர்க்க முடியுமா?

கோரையாறு

லிட்டருக்கு 5 கிராம் உப்பு கலந்த தண்ணீர் என்றாலும் 70 மி.லி. பாட்டிலின் எல்லை கால் கிராம்தான் நகரும். நீங்கள் 5 கிராம் இடைவெளி விட்டிருக்கிறீர்கள், பயமில்லை.

விதைநெல் இதற்கென்றே அமைந்தது போல இருக்கிறது. ஆனால் பாட்டிலுக்கு அடுத்த நாள் வையுங்கள், முதல் நாள் அல்ல. காரணம்: நெல்லின் உமிதான் சிரப் பாட்டில், உள்ளே இருக்கிற அரிசிதான் மணல். உமியின் அளவு ஏறத்தாழ ஒன்றே. பதரில் ஒன்றும் இல்லை, அரைப்பதரில் கொஞ்சம், முற்றிய மணியில் முழுசு. பாட்டிலைப் பார்த்த பிள்ளை இந்த ஒப்புமையைத் தானே சொல்லும். பார்க்காத பிள்ளைக்கு "உப்புத் தண்ணீர் கெட்ட விதையைத் தள்ளிவிடும்" என்பதோடு நின்றுவிடும். வீட்டில் தாத்தா செய்வது அதுதானே, புதிதாக என்ன இருக்கிறது என்று நினைக்கும்.

அளவு: வயலுக்குச் செய்யும்போது 10 லிட்டருக்கு ஒன்றரை கிலோ வரை உப்பு போவார்கள், உப்பு போதுமா என்று ஒரு முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பார்கள். வகுப்புக்கு 300 மி.லி. தண்ணீர் போதும், முட்டை முழுக இறங்குகிற ஒடுக்கமான பாத்திரத்தில். தூள் உப்பு தலைதட்டி ஒரு தேக்கரண்டி சுமார் 6 கிராம். ஆறிலிருந்து எட்டுக் கரண்டிக்குள் முட்டை எழும்பும். இதே வேலையை 1 லிட்டர் தண்ணீரில் கொடுத்தால் 20 கரண்டிக்கு மேல் போகும். ஐந்தாவது கரண்டியிலேயே "மிதக்கலை சார்" என்று கைவிட்டுவிடுவார்கள். கல்லுப்பு என்றால் ஒவ்வொரு முறையும் முழுக்கக் கரைந்தபிறகுதான் அடுத்தது. கரையாத உப்பு அடியில் கிடந்தால் கீழே அடர்த்தி கூடி, முட்டை நடுவில் அந்தரத்தில் நிற்கும். பார்க்க அழகு, இந்தப் பாடத்துக்கு இடைஞ்சல்.

முட்டை புதுசாக இருக்க வேண்டும். நாள்பட்டதில் உள்ளே காற்றறை பெரிதாகி, வெறும் தண்ணீரிலேயே நிமிர்ந்து நிற்கும், ரொம்பப் பழசு மிதந்தேவிடும். முதலில் வெறும் தண்ணீரில் படுத்துக் கிடக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சத்துணவுக் கணக்கில் வந்த முட்டையைத் தொட வேண்டாம், அது வேறு வழக்கு. கடையில் ஒன்று வாங்குங்கள். முட்டையின் மேல்பக்கம் "25 காசு அளவு" வெளியே தெரிய வேண்டும் என்பது வழக்கமான பேச்சு. அந்தக் காசு 2011இலேயே செல்லாமல் போனது, இந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்திருக்க வாய்ப்பில்லை. சுமார் 2 செ.மீ. குறுக்களவு என்று அட்டையில் வட்டம் வெட்டிக் காட்டிவிடுங்கள்.

நெல் களத்து நெல்லாக, தூற்றாததாக இருந்தால் நல்லது; தூற்றினதில் பதர் போயிருக்கும். வேளாண் டெப்போவில் வாங்கிய விதையில் மருந்து கலந்திருக்கலாம், வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள். 100 மணி எண்ணிப் போட்டு, முதலில் வெறும் தண்ணீர்: சுத்தப் பதர் மட்டும் மிதக்கும். அடியில் தங்கியதை எடுத்து உப்புத் தண்ணீரில் போட்டால் அரைப்பதரும் மேலே வரும். "தண்ணீரில் மூழ்கியது உப்புத் தண்ணீரில் ஏன் எழும்பியது, நெல் மாறியதா, தண்ணீர் மாறியதா?" இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவு ஏற்பாடும். போட்டவுடன் எண்ணக் கூடாது. உமியின் சுணையில் காற்று ஒட்டி நல்ல மணியும் மிதக்கும். கரண்டியால் கலக்கி இரண்டு நிமிடம் விட்டு எண்ணுங்கள். பிறகு இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாகக் கழுவ வேண்டும், உப்பு நின்றால் முளைப்பு கெடும்.

மிதந்ததையும் மூழ்கியதையும் தனித்தனி ஈரச் சாக்கில் முளைகட்டி ஐந்தாம் நாள் எண்ணச் சொல்லலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது: தை மாதம் அறுத்த சூட்டோடு எடுத்த சம்பா நெல்லுக்கு விதை உறக்கம் இருக்கலாம். முற்றிய மணியே முளைக்காமல் கிடந்து, "மூழ்கினதும் முளைக்கலை" என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். சில மாதம் வைத்திருந்த நெல்லை எடுங்கள்.

மண் பாடத்துக்கு: 1 லிட்டர் பாட்டிலைக் குறுக்கே வெட்டி, மேல்பாதியைத் தலைகீழாகக் கவிழ்த்து, வாயில் துணி கட்டி, கீழ்ப்பாதியில் உட்கார வையுங்கள். மணல் ஒன்றில், களி ஒன்றில், எடை பார்க்காமல் உயரம் பார்த்து, இரண்டிலும் 8 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் ஊற்றும் தண்ணீர் 200 மி.லி. முதல் சொட்டு எப்போது, பத்து நிமிடத்தில் எவ்வளவு என்று குறிக்க வேண்டும். இங்கே வழக்கமாக நடக்கும் விபத்து: வயலில் காய்ந்து வெடித்த களியைக் கட்டி கட்டியாகப் போடுவது. தண்ணீர் கட்டி இடுக்கு வழியாக நேராக ஓடி, மணலைவிட முன்னால் இறங்கிவிடும். "களிதான் வேகமாக விடும்" என்று போர்டில் எழுதிவிட்டு ஆசிரியர் முழிப்பார். களியை இடித்துச் சலித்துத் தட்டி நிரப்பினால் 40 நிமிடத்தில் சில சொட்டுதான் வரும், ஆகவே அதைக் காலை வழிபாட்டுக்கு முன்பே ஊற்றி வைத்துவிடுங்கள்.

நான் சொல்வேன், அந்த விபத்தை வேண்டுமென்றே வையுங்கள். மூன்று பாட்டில்: மணல், கட்டிக் களி, சலித்த களி. கட்டிக் களியில் ஒரு மணி நேரம் கழித்து இரண்டாவது 200 மி.லி. ஊற்றினால், ஊறிப் பருத்த கட்டிகள் இடுக்கை அடைத்து வேகம் குறைந்திருக்கும். ஜூன் 12ஐ ஒட்டி மேட்டூர் திறந்து முதல் தண்ணீர் வரும்போது வெடித்த வயல் ஏன் அவ்வளவு குடிக்கிறது, சேற்றுழவு ஓட்டினபிறகு அதே வயலில் ஏன் தண்ணீர் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். இந்தக் கேள்விக்குப் பிள்ளைகளிடம் ஏற்கெனவே பாதி விடை இருக்கும்.

வெட்டாறு

கட்டிக் களியில் துணி வழியாகச் சேறு இறங்கி அளவு கெட்டுப்போகாதா?

கோரையாறு

கொஞ்சம் இறங்கும். துணியை இரண்டு மடிப்பாகக் கட்டி, அதன் மேல் ஒரு செ.மீ. உயரத்துக்குச் சின்னக் கூழாங்கல் பரப்பிவிடுங்கள். மூன்று பாட்டிலிலும் ஒரே அளவு பரப்ப வேண்டும், இல்லையென்றால் யாராவது ஒரு பிள்ளை "சார், அதுல மட்டும் கல்லு இருக்கு" என்று கேட்கும். கேட்டால் சந்தோஷப்படுங்கள், நிகமும் கிளாரும் தேடியது அந்தப் பிள்ளையைத்தான்.